முதிர்ந்த சிவப்பு ஒயின் ஏமாற்றுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பல ஆண்டுகள் பாட்டிலில் கிடந்த சிவப்பு ஒயினைத் திறப்பவர்களில் பலர் முதல் மிடறிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். "பழமே இல்லையே", "ஏதோ மக்கிய வாடை அடிக்கிறதே", "நிறம் பழுப்பாகிவிட்டதே" என்று சொல்லி, நல்ல ஒயினைத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்காது. முதிர்வதற்கு 20 ஆண்டு எடுத்துக்கொண்ட ஒயினுக்கு 20 நிமிடமாவது கொடுக்க வேண்டும். மறுபக்கம், உண்மையிலேயே கெட்டுப்போனதை "பழையது என்றால் இப்படித்தான் இருக்கும்போல" என்று நினைத்து மரியாதையோடு குடித்து முடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வீண் நஷ்டம்.

கீழே அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியைத் தருகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சோதனை ஒன்றுதான்: காற்று பட்டபின் அந்த வாடையோ சுவையோ என்ன ஆகிறது? கரைந்து போனால், அது பாட்டிலுக்குள் அடைபட்டுக் கிடந்ததன் விளைவு, கவலை வேண்டாம். கூடிக்கொண்டே போனால், அது கேடு. அப்படியே நின்றால், ஒயினின் இயல்பாகவும் இருக்கலாம், பிறவிக் குறையாகவும் இருக்கலாம். யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் மூன்று ஏற்பாடுகள்

ஒயினை முகரும் முன் வெறும் கோப்பையை முகருங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த கோப்பைக்குள் மர வாடையும் தூசி வாடையும் தேங்கியிருக்கும். அலசாத சோப்பும், துடைத்த ஈரத்துணியின் வாடையும் சேர்ந்தே இருக்கும். இளம் ஒயின் தன் பழ வேகத்தால் இவற்றை அடக்கிவிடும். முதிர்ந்த ஒயினின் மெல்லிய மணத்தால் முடியாது. வெந்நீரில் அலசி, உலர்த்தி, ஒரு ஸ்பூன் ஒயினை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது வெப்பநிலை. கோப்பையில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வயதான பினோ நுவார் (ஒரு திராட்சை வகை) போன்ற மென்மையான ஒயினுக்கு 15, 16 இன்னும் நல்லது. 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், ஒயின் தளர்ந்து சப்பென்று தெரியும். மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் ஒளிந்துகொள்ளும், துவர்ப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். கீழே சொல்லப்போகும் பாதிப் புகார்கள் வெப்பநிலையைச் சரிசெய்தவுடனே காணாமல் போய்விடக்கூடியவை.

மூன்றாவது, திறந்த உடனே ஒரு சிறு கோப்பையில் இரண்டு விரல் உயரம் ஊற்றித் தனியே வைத்துவிடுங்கள். இதைச் சாட்சிக் கோப்பை என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலின் ஒடுங்கிய கழுத்துக்குள் ஒயின் காற்றை மெதுவாகவே சந்திக்கும். அகன்ற கோப்பையில் வேகமாகச் சந்திக்கும். ஆகவே பாட்டிலில் மீதமுள்ளது பிறகு எங்கே போய்ச் சேரும் என்பதைச் சாட்சிக் கோப்பை முன்கூட்டியே காட்டிவிடும். இனி வரும் பல இடங்களில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

கார்க் நொறுங்குகிறது, அல்லது உள்ளே விழுந்துவிட்டது

20 ஆண்டைத் தாண்டிய கார்க் தன் மீள்திறனை இழந்திருக்கும். ஒயினைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பகுதி ஊறி மெத்தென்றும், மேல்பகுதி காய்ந்து பொடியாகவும் இருக்கும். சாதாரணத் திருகியை இறக்கி இழுத்தால் நடுப்பகுதி மட்டும் பெயர்ந்து வரும். ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்குரிய கருவி 'ஆ-சோ' எனப்படும் இரட்டைத் தகட்டு உருவி. நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, பிறகு குட்டைத் தகட்டை எதிர்ப்பக்கம் நுழையுங்கள். நேராகக் கீழே அழுத்தாமல், இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்து, இரண்டும் முழுவதும் இறங்கும்வரை போக வேண்டும். அழுத்தினால் கார்க் பாட்டிலுக்குள் போய்விடும். இறங்கிய பிறகு முறுக்கிக்கொண்டே மேலே இழுங்கள். முறுக்கும்போது கார்க் முழுதும் சேர்ந்து சுழல்வது கைக்குத் தெரியும்; சுழலவில்லையென்றால் தகடு மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். கார்க் ஏற்கெனவே தளர்ந்து, தகடு பட்டதுமே நழுவுகிறதென்றால் நிறுத்திவிடுங்கள். நடுவில் திருகியை மெல்ல இறக்கிப் பிடிப்பு உண்டாக்கி, அதன் மேல் தகடுகளைச் செருகும் கூட்டுக் கருவிதான் அப்போது கைகொடுக்கும். டுராண்ட் என்ற கருவி அந்த வகை.

அப்படியும் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். கார்க் துணுக்குகள் சுவையைக் கெடுப்பதில்லை. நுண்ணிய எஃகு வலை வழியாக டிகான்டரில் (ஒயினை வடித்து வைக்கும் கண்ணாடிக் குடுவை) வடித்தால் போதும். காபி வடிகட்டும் காகிதத்தை நான் தொடுவதில்லை. காகித வாடை ஒயினில் ஏறிவிடுகிறது. நொறுங்கிய கார்க்கை வைத்து ஒயினின் தரத்தையும் முடிவு செய்யாதீர்கள். பொடிப்பொடியாக வந்த கார்க்கின் கீழே அற்புதமான ஒயின் இருப்பது சகஜம்.

கார்க்கின் தலையில் கருப்புப் பூஞ்சை, அல்லது பிசுபிசுப்பு

பூஞ்சை நல்ல சேதி. பாட்டில் ஈரப்பதமான நிலவறையில் கிடந்ததற்கு அது அடையாளம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறக்கலாம். கார்க்கை எடுத்த பிறகும் பாட்டிலின் வாயை இன்னொரு முறை துடையுங்கள். பழைய பாட்டில்களின் கழுத்தை மூடிய உலோக உறை ஈயத்தால் ஆனதாக இருக்கலாம் (அமெரிக்கா அதை 1996-இல்தான் தடை செய்தது). அதன் வெள்ளைப் படிவு ஒயினில் கலக்கக் கூடாது.

பிசுபிசுப்பு வேறு கதை. உறைக்கு அடியில் காய்ந்த பாகு போன்ற கறை, கார்க் பாட்டில் வாயைவிடச் சற்று மேலே உந்தி நிற்பது, கார்க்கின் பக்கவாட்டில் ஒயின் அடியிலிருந்து நுனிவரை ஏறிய கோடு: இம்மூன்றும் பாட்டில் எங்கோ சூடு பட்டதைச் சொல்கின்றன. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளுகிறது, குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. இருந்தாலும் குடித்துப் பார்க்காமல் தள்ளிவிட வேண்டாம். சுவையில் சூடு எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒயினின் மட்டம் இறங்கியிருக்கிறது

கார்க் வழியே ஆண்டுதோறும் சிறிது ஆவியாவது இயற்கை. தோள் உள்ள போர்தோ (பிரான்சின் ஒயின் பகுதி) வகைப் பாட்டிலில், 20 அல்லது 30 வயதுக்கு மட்டம் கழுத்தின் அடியிலோ தோளின் உச்சியிலோ இருந்தால் ஆரோக்கியம். தோளின் நடுப்பகுதி என்றால், 40 வயதைத் தாண்டிய பாட்டிலுக்கு மன்னிக்கலாம். 15 வயதுப் பாட்டிலுக்கு அது எச்சரிக்கை. தோளுக்கும் கீழே போய்விட்டால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியின் சரிந்த தோள் கொண்ட பாட்டிலில் கார்க்கின் அடியிலிருந்து சென்டிமீட்டரில் அளப்பார்கள். முதிர்ந்த பாட்டிலுக்கு 3, 4 சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லை.

மட்டம் குறைந்த பாட்டிலை டிகான்டரில் கொட்டாதீர்கள். அது தன் பங்குக் காற்றை ஏற்கெனவே வாங்கிவிட்டது.

ஒயின் கலங்கியிருக்கிறது, வாயில் மணல்போல் நெருடுகிறது

முதிர்ந்த ஒயினைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். வருத்தம் என்னவென்றால், இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

வண்டல் என்பது ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து விழுந்த டானினும் (துவர்ப்பைத் தரும் பொருள்) நிறமிகளும். கூடவே பொட்டாசியம் பைடார்ட்ரேட் படிகங்கள். உடம்புக்குக் கேடில்லை. ஆனால் ஒயினில் மிதந்தால் கசப்பையும் சொரசொரப்பையும் கொடுத்து, பல ஆண்டுகளில் உருவான மென்மையை ஒரே நொடியில் மறைத்துவிடும். "துவர்ப்பு இன்னும் அடங்கவில்லை" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்த வண்டலின் கசப்பைத்தான். ஒரு மிடறு குடித்து நாக்கை மேல் அண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். பொடி உருள்வது தெரிந்தால் அது வண்டல். ஈறு முழுவதும் சீராக இறுகினால் அது டானின்.

பாட்டில் படுத்திருந்தால், திறப்பதற்கு ஒரு நாளாவது முன்பே மெல்ல நிமிர்த்தி வையுங்கள். கெட்டியாகப் படியும் போர்தோவுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். நெபியோலோ திராட்சையில் செய்யும் இத்தாலியின் பரோலோ, பினோ நுவாரில் செய்யும் பர்கண்டி ஆகியவற்றின் வண்டல் புகைபோல் நுண்ணியது. ஒரு வாரம் நின்றாலும் நல்லதுதான். வெகுதூரம் பயணம் செய்து வந்த பாட்டிலை வந்த அன்றே திறப்பது அநியாயம். சில வாரம் அசையாமல் கிடக்கட்டும்.

வடிக்கும்போது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியையோ சிறு டார்ச்சையோ நிறுத்துங்கள். ஒளி கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஊடுருவித் தெரிய வேண்டும். பாட்டிலைச் சாய்த்தபின் நடுவில் நிமிர்த்தவே கூடாது. நிமிர்த்தினால் பின்னோடும் அலை அடியில் படிந்ததை எல்லாம் கிளப்பிவிடும். ஒரே சாய்வில், மெல்லிய தாரையாக, டிகான்டரின் பக்கச் சுவரில் வழியுமாறு ஊற்றுங்கள். முக்கால் பாட்டில்வரை ஒயின் ஒளியில் மாணிக்கமாகத் தெளிந்து போகும். பிறகு தோளின் கீழ்ப்புறத்தில் ஒரு கருத்த இழை தோன்றி, நூல்போல் நீண்டு கழுத்தை நோக்கி ஊரும். அது கழுத்தின் பாதியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அடியில் ஒரு கோப்பைக்குக் குறைவாகவே மீதம் நிற்கும். அதை வேறு கோப்பையில் ஊற்றித் தெளிய விடலாம். மேலே தெளிவது சிறிதாக இருந்தாலும் குடிக்கத் தக்கதுதான்.

ஏற்கெனவே கலக்கிவிட்டிருந்தால், கோப்பைகளை அரை மணி நேரம் அசையாமல் வைப்பதைத் தவிர வழியில்லை. துணியில் வடிகட்டினால் பெரிய துகள்கள் நிற்கும். கசப்பைத் தரும் நுண்ணிய புகை போகாது.

நிறம் பழுப்பாகிவிட்டது

கோப்பையைச் சாய்த்து, வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, விளிம்பைப் பாருங்கள். இளமையில் ஊதாவாக இருந்த விளிம்பு, சிவந்து, கோமேதக நிறமாகி, செங்கல் நிறத்துக்கு வருவது முதிர்ச்சியின் இயல்பான பாதை. தனித்தனியாக இருந்த ஆந்தோசயனின் நிறமிகள் டானினோடு பிணையும்போது இந்த மாற்றம் நடக்கிறது. நெபியோலோ 10 வயதிலேயே செங்கல் நிறம் காட்டும், அதில் ஒரு கேடும் இல்லை. கேபர்னே சோவின்யோன் திராட்சையின் ஒயின் 20 வயதிலும் நடுவில் அடர்சிவப்பாக நிற்கும்.

பயப்பட வேண்டியது விளிம்பின் நிறத்தைக் கண்டு அல்ல, நடுவின் மந்தத்தைக் கண்டு. நடுப்பகுதியும் பழுப்பாகி, ஒளி ஊடுருவாமல் கலங்கி, தேநீர்க் கறைபோல் உயிரற்று இருந்தால் ஆக்சிஜன் மிகுதியாகப் புகுந்திருக்கிறது. நிறம் வெளிறியிருந்தும் பளபளப்பு இருந்தால் நம்பிக்கையோடு முகருங்கள். கண்ணைவிட மூக்கு நேர்மையானது.

திறந்ததும் அழுகிய முட்டை, பழைய நீர், அடைத்த அறை போன்ற நாற்றம்

முதல் ஐந்து நிமிடத்தில் வரும் இந்த வாடையால்தான் நல்ல பாட்டில்கள் மிகுதியாகப் பலியாகின்றன. காற்றில்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட ஒயினில் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் சேர்கின்றன. பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்தில் கலைந்துவிடும். சாட்சிக் கோப்பையைச் சுழற்றி முகருங்கள். அதில் வாடை குறைந்திருந்தால் பாட்டிலும் அதே வழியில் போகும்.

வாடை நகராமல் நின்றால், கோப்பையில் மட்டும் ஒரு சோதனை செய்யலாம். நன்கு தேய்த்துக் கழுவிய சிறு செம்புத் துண்டால் சில விநாடி கலக்கி எடுத்துவிடுங்கள். செம்பு ஹைட்ரஜன் சல்ஃபைடையும் தயால் எனப்படும் சேர்மங்களையும் பிடித்துக்கொள்ளும். மூக்கில் உடனே வித்தியாசம் தெரியும். வேகவைத்த முட்டைக்கோசு, ரப்பர் வாடையாக முற்றிப்போய் டைசல்ஃபைடுகளாகிவிட்டால் செம்பும் உதவாது. இதே கந்தகக் குடும்பத்தைச் சேர்ந்த டைமெத்தில் சல்ஃபைடுதான் முதிர்ந்த சிவப்பு ஒயினின் ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான்), கருப்பு ஆலிவ் மணத்தில் பங்கு வகிக்கிறது. அளவுதான் மணத்தையும் நாற்றத்தையும் பிரிக்கிறது.

ஈர அட்டைப்பெட்டி, நனைந்த செய்தித்தாள் வாடை

இது மேலே சொன்னதைப்போல் தொடங்கி, எதிர்த்திசையில் போகும். 20 நிமிடம் கழித்துச் சாட்சிக் கோப்பையை முகர்ந்தால் வாடை கூடியிருக்கும், பழம் இன்னும் பின்வாங்கியிருக்கும். காரணம் 2,4,6-டிரைகுளோரோஅனிசோல், சுருக்கமாக டி.சி.ஏ. கார்க்கிலோ பாதாள அறையின் மரத்திலோ உள்ள குளோரோஃபீனால்களைப் பூஞ்சைகள் மாற்றும்போது உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

குறைந்த அளவில் இருக்கும்போதுதான் ஆபத்து. வாடையாகத் தெரியாமல், ஒயின் சுருங்கி, மந்தமாக, வெறுமையாகத் தோன்றும். டி.சி.ஏ. நம் மோப்ப நரம்புச் செல்களின் வேலையையே தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். அதனால்தான் "இந்த ஒயின் வயதாகிச் செத்துவிட்டது" என்ற தவறான தீர்ப்பு இங்கே எளிதில் விழுகிறது. ஐயம் இருந்தால், கோப்பையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் மூடிக் குலுக்கி முகருங்கள். டி.சி.ஏ. இருந்தால் சட்டென்று தலைதூக்கும். கார்க்கை மட்டும் முகர்ந்து முடிவு செய்ய முடியாது. நல்ல கார்க்கும் கார்க் வாடைதான் அடிக்கும்.

பாலித்தீன் படலத்தைக் கசக்கி ஒயினில் ஊறவைத்தால் டி.சி.ஏ.வை ஓரளவு உறிஞ்சும், உண்மைதான். கூடவே நல்ல மணத்தையும் கொண்டுபோய்விடும். குடிக்கக்கூடியதாக ஆகும்; அந்த ஒயினாக ஆகாது. முதிர்ந்த பாட்டிலில் இதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. விற்றவரிடம் சொல்லி மாற்றுக் கேட்பதே முறை. நேர்மையான ஒயின் வணிகர்கள் டி.சி.ஏ. புகாரை ஏற்றுக்கொள்வார்கள்.

குதிரை லாயம், வியர்வை படிந்த சேணம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாடை

பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் 1904-இல் ஆங்கிலேய பீர்களை ஆராய்ந்தபோது அடையாளம் காட்டி, பிரிட்டனை வைத்தே பெயரிட்டார். அது உண்டாக்கும் 4-எத்தில்ஃபீனால்தான் இந்த வாடை. காற்றில் போகாது, பெரிதாகக் கூடவும் செய்யாது: நான் சொன்ன மூன்றாவது வகை.

இங்கே ரசனைதான் முடிவு செய்கிறது. பழைய ரோன் பள்ளத்தாக்கு ஒயின்களிலும் போர்தோக்களிலும் லேசான தோல் வாடை அதன் குணத்தின் ஒரு பகுதியாகவே விரும்பப்பட்டது. வாடைக்குப் பின்னால் பழமும் மசாலாவும் தெரிந்தால் குடியுங்கள். எல்லாத் திராட்சையையும் எல்லா ஊரையும் ஒரே லாயமாக்கிவிட்டால், அது குறைதான். நாகரிகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நகப்பூச்சு நீக்கி, வினிகர்

எத்தில் அசிடேட்டும் அசிடிக் அமிலமும். மிகக் கொஞ்சமாக இருந்தால் முதிர்ந்த ஒயினின் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும். பழைய ரியோஹாக்களில் (ஸ்பெயின் ஒயின்கள்) இதைக் காணலாம். மூக்கு எரிந்து, தொண்டையின் பின்புறம் காந்தினால் மீட்க வழியில்லை.

பிளம் வற்றல், காய்ச்சிய ஜாம், வால்நட், சோயா சாஸ்

முன்பு தள்ளிவைத்த சூட்டுக் கதை இங்கே வருகிறது. சூடுபட்ட ஒயினில் பழம் வேகவைத்ததுபோல் இனித்து, நடுவில் ஒன்றுமில்லாமல், முடிவில் காய்ந்து போகும். ஆக்சிஜன் மிகுந்த ஒயினில் அடிபட்ட ஆப்பிள், வால்நட், சோயா சாஸ் வரும். பிளம் வற்றல் வாடை இரண்டிலும் உண்டு. சிவப்பு ஒயின் உரிய காலத்துக்கு முன்பே மூப்படைந்ததற்கு முதல் அடையாளமாகவே அதை எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் உலர்ந்த அத்தி, உலர்ந்த செர்ரி ஆகியவை முதிர்ச்சியின் மணங்கள். எப்படிப் பிரிப்பது? உலர்பழத்தோடு வேறு ஏதாவது மணம் தெரிகிறதா என்று பாருங்கள்: புகையிலை, தேவதாரு, காய்ந்த ரோஜா, ஈரமண். தெரிந்தால் ஒயின் உயிரோடு இருக்கிறது. உலர்பழம் மட்டும் தனியே நின்று, சாட்சிக் கோப்பையில் நிமிடத்துக்கு நிமிடம் சோயாவை நோக்கிப் போனால் முடிந்துவிட்டது.

குறையும் இல்லை, மணமும் இல்லை

கோப்பையைச் சுழற்றுகிறீர்கள். கெட்ட வாடை ஏதுமில்லை. நல்ல வாடையும் இல்லை. முதலில் வெப்பநிலையைச் சரிபாருங்கள், பிறகு டி.சி.ஏ.வை மேலே சொன்னபடி ஒதுக்குங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒயின் தூங்கும் கட்டத்தில் இருக்கலாம். இளமைப் பழம் அடங்கி, முதிர்ச்சியின் மணம் இன்னும் பிறக்காத இடைவெளி அது. பிரான்சின் எர்மிதாஜ், பாண்டோல், இத்தாலியின் பரோலோ போன்ற ஒயின்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருக்கும். வாயில் கனமும் நீளமும் தெரிந்து, மூக்கில் மட்டும் ஒன்றுமில்லையென்றால் இதுதான். வயது குறைவான, முறுக்கு மிகுந்த இப்படிப்பட்ட ஒயினைத் தைரியமாக டிகான்டரில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். வேறு பாட்டில்கள் கையில் இருந்தால் சில ஆண்டு தொடாதீர்கள்.

வாயிலும் கனமில்லை என்றால் தூக்கம் அல்ல, மூப்பு.

பழச்சுவை இல்லை, இலைச்சருகும் காளானுமாக இருக்கிறது

எந்தச் சிகிச்சையும் வேண்டாம். இதற்காகத்தான் இத்தனை ஆண்டு காத்திருந்தது. பினோ நுவாரில் காட்டுத்தரையும் காளானும், போர்தோவில் தேவதாருவும் சுருட்டுப் பெட்டியும் பென்சில் சீவலும், நெபியோலோவில் தாரும் காய்ந்த ரோஜாவும், சிரா திராட்சையில் புகையிட்ட இறைச்சியும். முதிர்ந்த ஒயினை இளம் ஒயினின் அளவுகோலால் அளக்கும்போதுதான் இது குறையாகத் தெரிகிறது. முதல் கோப்பையைப் பேச்சுக்கு நடுவே குடித்துவிடாதீர்கள். சிறு மிடறாக எடுத்து, வாயில் பரப்பி, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பழத்தின் மிச்சம் அந்த மூச்சில்தான் கடைசியாக வரும். அது வந்து, மெல்ல நீண்டு, வேறொன்றாக மாறினால், கையில் இருப்பது நல்ல பாட்டில்.

துவர்ப்பு மட்டும் மிஞ்சி வாய் வறள்கிறது

வண்டலை ஒதுக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டானின் இருக்கிறது, அதைப் போர்த்தும் பழம் இல்லை. போர்தோவின் 1975 இந்த வகைக்குப் பேர்போன ஆண்டு: கடுமையான டானின், பல பாட்டில்களில் அது கனியும் முன்பே பழம் தீர்ந்துவிட்டது. இதைக் காற்றால் சரிசெய்ய முயல்வது தவறு. காற்று மீதமுள்ள பழத்தையும் தின்றுவிடும். கொழுப்பும் புரதமும் உள்ள உணவோடு குடித்தால் புரதம் டானினோடு பிணைந்து துவர்ப்பு தணியும். எல்லாச் சிவப்பு ஒயினும் வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பான்மை சில ஆண்டுக்குள் குடிப்பதற்கானவை; அவற்றை 15 ஆண்டு வைத்துவிட்டு ஒயினைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

புளிப்பு தூக்கலாகத் தெரிவதும் பெரும்பாலும் இதே கணக்குதான். அமிலம் கூடவில்லை, மேலே இருந்த சதை குறைந்துவிட்டது.

முதல் கோப்பை அருமை, இரண்டாவது ஊற்றுவதற்குள் இறங்கிவிட்டது

ஒயினைக் காற்றிலிருந்து காக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடு வயதான ஒயினில் தீர்ந்திருக்கும். காற்று பட்டால் மலர்ந்து, உச்சி தொட்டு, அரை மணி நேரத்தில் சரிந்துவிடக்கூடும். அடுத்த பாட்டிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் பெரிய ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். போர்தோவின் ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, வண்டல் உள்ள ஒயினை மட்டுமே, அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் வடிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்; நீண்ட நேரக் காற்று மணத்தைக் கரைத்துவிடும் என்பது அவர் கருத்து. பழைய ஒயின் சேகரிப்பாளர் பிரான்சுவா ஓதூஸ், பாட்டிலைச் சில மணி நேரம் முன்பே திறந்து, வடிக்காமல், கழுத்தளவு காற்றோடு நிற்கவிடும் முறையைப் பின்பற்றுகிறார்.

நான் இரண்டையும் சாட்சிக் கோப்பையை வைத்துத் தேர்ந்தெடுக்கிறேன். முதல் முகர்விலேயே மணம் திறந்திருந்தால் பெய்னோவின் வழி: உடனே பரிமாறி, சிறிது சிறிதாக ஊற்றிக் குடித்துவிட வேண்டும். அடைத்த வாடையோ கந்தக வாடையோ இருந்தால் ஓதூஸின் வழி: பாட்டிலை நிமிர்த்தியபடியே விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை முகர்ந்து பார்ப்பது. அகலமான டிகான்டர் 30 வயதைக் கடந்த ஒயினுக்கு வேண்டவே வேண்டாம்.

நாக்கில் குமிழி, விழுங்கியபின் எலி வாடை

லேசான குமிழி என்றால் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு; கோப்பையைப் பலமாகச் சுழற்றினால் போய்விடும். போகாமல், கலங்கலும் ஈஸ்ட் வாடையும் சேர்ந்திருந்தால் பாட்டிலுக்குள் மீண்டும் நொதித்திருக்கிறது. எலிக்கூண்டு வாடை மூக்கில் தெரியாது. ஒயினின் அமிலத்தில் அடங்கியிருந்து, எச்சில் கலந்தபின்தான் வெளிவரும். கந்தகம் குறைவாகச் சேர்த்த ஒயின்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம். சிலருக்கு இது தெரிவதே இல்லை. ஆகவே மேசையில் இருவர் சண்டை போட்டால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள்.

ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில். ஒன்று அற்புதம், ஒன்று சவம்

ஒவ்வொரு கார்க்கும் தனித்தனியாகக் காற்றை விடுகிறது. முதல் சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் 25 ஆண்டில் மலையளவு ஆகிவிடும். பாட்டிலின் அளவும் கணக்கில் வரும்: 375 மில்லிலிட்டர் அரைப்பாட்டில் வேகமாக முதிரும், 1.5 லிட்டர் மேக்னம் நிதானமாக முதிரும். ஒரு பாட்டிலை வைத்து முழுப் பெட்டியையும் எழுதித் தள்ளிவிடாதீர்கள்.

அடுத்ததைத் திறக்கும் முன், இருக்கும் பாட்டில்களை ஒளியில் பிடித்து மட்டத்தை ஒப்பிடுங்கள். மட்டம் குறைந்ததை முதலில் குடியுங்கள், உயர்ந்ததைக் கடைசிக்கு வையுங்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் மட்டம், கார்க்கின் நிலை, திறந்த நேரம், உச்சம் தொட்ட நேரம், சரிந்த நேரம் ஆகியவற்றை எழுதிவைத்தால், மூன்றாவது பாட்டிலை எப்போது திறந்து எத்தனை நிமிடத்தில் ஊற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.